இந்திராணி கடையில் நான் திருப்பி வைத்த புத்தகங்கள்

பாப்பா,

இந்தக் கடிதத்தின் முதல் பாதியை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம். அவர் கேட்ட விஷயம் அதில் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன். மீதியை நீ தனியாக உட்கார்ந்து படி. கல்யாணம் முடிந்து கனடாவுக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு அப்பன் கடிதம் எழுதினால் அதில் ஆசீர்வாதமும் புத்திமதியும் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எழுத எழுத வேறு எங்கோ போய்விடுகிறது, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். எனக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்டாய், ஊருக்குப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளையை ஒருமுறை இந்திராணி அத்தை கடைக்கு அழைத்துப் போகலாமா என்று. பழைய காமிக்ஸ் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு போக அவருக்கு ஆசை என்றாய். போன தடவை மாதிரி மானம் போகாமல் இருக்க, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மாமாவிடம் எழுதி வாங்கிக் கொடு என்று அவர் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாய். ஆங், போகலாம் என்று நானும் சிரித்தேன். ஆனால் நான் அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. வழியில் இருக்கிற மருந்துக்கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

முதலில் மாப்பிள்ளையின் பாடத்தை முடித்துவிடுகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அவரை அங்கே கூட்டிப் போனோமே, நினைவிருக்கிறதா? உள்ளே நுழைந்ததும் ஒரு புத்தகக் கட்டைக் கிட்டே இழுத்து, கயிற்றை அவரே அவிழ்த்து, செல்ஃபோனில் போட்டோ எடுத்து, "எவ்ளோக்கா?" என்று கேட்டார். இந்திராணி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வேறொரு பெரிய கட்டைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவ்வளவும் ரயில்வே பரீட்சை கைடு. அதற்குள் காமிக்ஸ் ஒளிந்திருக்கும் என்று நம்பி, மனுஷன் சட்டையெல்லாம் தூசியாகத் தேடினார். நீயும் நானும் ஆட்டோவில் வரும்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்ல பிள்ளைதான், ஆனால் பெரிய புத்தகக் கடைகளில் வாங்கிப் பழகியவர். பழைய பேப்பர் கடை அப்படி இல்லை.

இந்திராணிக்குக் கடையில் வாடிக்கை என்பது எடைக்குப் பேப்பர் போடுகிறவர்கள்தான். பள்ளிப்பட்டிலிருந்து வரும், நகரியிலிருந்து வரும், தமிழும் தெலுங்கும் கலந்து மூட்டையாக வந்து இறங்கும். நம்மைப் போல காமிக்ஸ் தேடி வருகிறவர்களால் அவளுக்குப் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. வேலை நேரத்தில் காலடியில் உட்கார்ந்திருக்கும் தொந்தரவுதான். அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார விடுகிறாளே, அதற்குத்தான் மரியாதை. கட்டை அவள்தான் அவிழ்ப்பாள். பார்த்து முடித்ததும் நாம் அதே மாதிரி தட்டி அடுக்கிக் கட்டி வைக்க வேண்டும். இன்னொருத்தர் ஒரு கட்டில் கை வைத்திருந்தால் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். வருஷக்கணக்காகத் தேடின புத்தகம் கையில் வந்துவிட்டால் குதிக்கக் கூடாது, பக்கத்தில் திருப்பதிக்காரர் ஒருத்தர் அதே புத்தகத்துக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தராசுக்கு மேலே பலகையில் எடைக்கல்லை வைத்து அமுக்கியிருக்கும் புத்தகங்கள் யாருக்காகவோ எடுத்து வைத்தவை. அதைத் தொடவும் கூடாது, யாருக்கு என்று கேட்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பையும் அட்டையும். அந்தக் கடைக்கு வெறும் பையோடுதான் போக வேண்டும். வீட்டிலிருந்து நம் புத்தகத்தை எதற்காகவும் எடுத்துப் போகக் கூடாது. மற்றவருக்குக் காட்டலாம் என்றோ, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றோ ஆசை வந்தாலும் கூடாது. உள்ளே போய்விட்டால் எது நம்முடையது, எது கடையுடையது என்று யார் சொல்வது? எடுத்த புத்தகத்தின் அட்டையை அவள் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். எடை போட்டுக்கொண்டே அவள் "ஆங்" என்பாள். அதற்கப்புறம்தான் பையில் போடலாம். அவள் யார் பையையும் எட்டிப் பார்த்தது கிடையாது. கடையே அந்த ஒரு "ஆங்" மேல்தான் நிற்கிறது. காட்டாமல் ஒரு புத்தகம் பைக்குள் போனால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

மாப்பிள்ளைக்கு இது போதும். இங்கே நிறுத்திவிட்டு அவரை அனுப்பிவிடு.

உன் கல்யாணம் முடிந்து வீடு காலியான பிறகு எனக்கு அந்தக் கடைதான் கதி என்று ஆகியிருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். அப்படிப் போய் வந்த ஒரு சாயங்காலம், பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். நான் காட்டி எடுத்தவை எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு துப்பறியும் கதை, இரண்டு சித்திரக் கதை மலர். அவற்றோடு இன்னொன்றும் விழுந்தது. ரயில் கொள்ளைக் கதை. அதைத் தூக்கிக் காட்டினதாக நினைவே இல்லை. வயசாகிவிட்டது கண்டக்டரே என்று என்னையே கேலி செய்துகொண்டேன். காட்டியிருப்போம், மறந்திருப்போம் என்று அலமாரி மேல் வைத்தேன். அடுத்த முறை போய் வந்தபோதும் அப்படியே நடந்தது. இந்த முறை ஒரு குதிரைக்காரன் கதை. அன்றைக்கு என்னால் கேலி செய்ய முடியவில்லை. விளக்குக்கூடப் போடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தெரியும், ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் என் பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்தவர்களை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் கை பட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பியதில்லை. இப்போது இந்திராணி கேட்டால் நானும் அதைத்தானே சொல்வேன்? சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? இத்தனை வருஷமாக என் பையைப் பார்க்காத ஒருத்தியிடம் நான் திருடிக்கொண்டிருக்கிறேனோ என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. அதைவிட, கே.ஜி.கண்டிகைப் பெரியப்பா நினைவு வந்துவிட்டது. அவருடைய கடைசிக் காலத்தில் டீக்கடைக் கிளாஸை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். கேட்டால் தன் வீட்டுக் கிளாஸ் என்று சண்டைக்கு வருவார். ஒருநாள் டீக்கடைக்காரர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவர் எதற்கு அடி வாங்கினோம் என்றே புரியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ அப்போது சின்னப் பெண், உன்னைக் கூட்டிக்கொண்டு நான் வேறு பக்கம் போய்விட்டேன். அது வியாதி என்று பிறகுதான் தெரிந்தது.

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? அந்த இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நான் இப்போது எழுதிக் கொடுத்த விதிகளில் முக்கியமான விதியே போயிற்று. இந்திராணி ஒரு கட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மொபெட்டில் பேப்பர் கொண்டு வந்த ஆளுக்கு எடை போடத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து இரண்டையும் கட்டுக்கு நடுவில் செருகினேன். பிக்பாக்கெட் அடிக்கிறவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கை அப்படித்தான் இருந்தது. எதையும் வாங்காமல் எழுந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லையா என்று அவள் கேட்டாள், கண் எரிகிறது என்றேன். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்து நன்றாகச் சாப்பிட்டேன். தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு இந்திராணி நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா காரியத்துக்கு வந்தவள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் நம் வாசப்படி ஏறினாள். கையில் பேப்பரில் சுற்றின பொட்டலம். எனக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டாள், கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த இரண்டு புத்தகங்கள்தான். குதிரைக்காரன் கதையைத் திறந்து முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, இது நம்ம பாப்பா புக்கு. குதிரைக்கு மீசை வரைஞ்சிகினு நம்ம கடையிலதான் குந்திகினு இருந்துச்சு. நான்தான் பேனா குடுத்தேன்."

குதிரைக்கு மீசை இருந்தது. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவில் பெரிய பெரிய எழுத்தில் உன் பெயர் இருந்தது, கடைசி எழுத்து இடம் பத்தாமல் கீழே இறங்கியிருந்தது. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? இது உன் கடைப் புத்தகம், என் பையில் எப்படியோ வந்துவிட்டது, திருப்பி வைத்துவிட்டேன் என்றேன். திருட்டை ஒத்துக்கொள்வது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது. அவள் எழுந்து போய் நம் அலமாரியைத் திறந்தாள். உன் புத்தகங்கள் இருக்கிற கீழ்த்தட்டில் இரண்டு இடம் காலியாக இருந்தது. நானேதான் ஒவ்வொரு தடவையும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அதே பையோடு திரும்பி வந்திருக்கிறேன். எதற்காக எடுத்தேன், எப்போது எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவள் சொன்னாள். மெட்ராஸிலிருந்து மாதாமாதம் வருகிற ஒருத்தர் அந்தப் புத்தகக் கட்டில் குதிரைக்காரன் கதையைப் பார்த்துவிட்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாராம். அது விற்பனைக்கு இல்லை என்று இவள் வாங்கி வைத்துக்கொண்டாளாம். "காட்டினத இல்லன்னு சொன்னது இதான் மொத தபா. கோவிச்சிகினு பூட்டாரு" என்றாள். எனக்காக அவள் கடையின் சட்டத்தையே மீறியிருக்கிறாள். அதற்கு நான் கை எடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது. உன்னை யார் கேட்டது, என் வீட்டு அலமாரியைத் திறக்க நீ யார், உன் கடையைப் பார்த்துக்கொண்டு போ என்று கத்தினேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. நான் ஒரே நாளில் காலையில் வந்துவிட்டு மத்தியானம் புதிதாக வருவது போல மறுபடி வந்ததை, போன வாரம் வாங்கிப் போன புத்தகத்தையே வந்திருக்கிறதா என்று கேட்டதை, கடை வாசலில் நின்று பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டதை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று நான் கேட்டிருக்கிறேன், பாப்பா. என் காலம் முழுக்க அங்கேதான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

"திருட்டுன்னு பயப்படாதீங்கணா, அது இல்ல," என்றாள். "ஆனா பயப்படணும். பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவள் போன பிறகுதான் அந்த விஷயம் எனக்கு உறைத்தது. உனக்கு இதை எழுதத்தான் இத்தனை காகிதம் கிழித்தேன். நீ நினைத்துக்கொள்வாய், நைனா அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார், அதனால்தான் தெரியவில்லை என்று. நான் பார்த்தேன். கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முந்தின நாள், புத்தகம் முழுசாக இருக்கிறதா என்று எப்போதும் போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். குதிரையின் மீசையைப் பார்த்துச் சிரித்தேன். உன் பெயரைப் படித்தேன். யார் வீட்டுக் குழந்தையோ, நம்ம பாப்பா பெயர்தான் இதற்கும், சரியான வாலாக இருக்கும்போல என்று நினைத்தேன். உன் பெயர் தெரிந்தது. உன் கையெழுத்து தெரியவில்லை. காமிக்ஸ் சேர்க்கிறவனுக்கு ஊரில் ஒரே அட்டையில் நூறு புத்தகம் இருந்தாலும் தன்னுடையது எது என்று தெரியும். எந்த மூலை மடங்கியது, எந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தது, எல்லாம் தெரியும். நான் என் குழந்தை கிறுக்கின புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஊரான் வீட்டுப் பொருள் என்று திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறேன்.

சாவைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. அம்மா போன பிறகு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இது வேறு. இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்கு நீ வாசலில் வந்து நின்றால், நல்ல பெண்ணாக இருக்கிறதே, யார் வீட்டுப் பெண்ணோ என்று நினைத்துவிடுவேனோ? உன்னை உட்காரச் சொல்லி மரியாதையாக "வாங்க" என்பேனோ? இதைத்தான் பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் உன் கல்யாண போட்டோவைப் பார்த்து உன் பெயரைச் சொல்கிறேன், மாப்பிள்ளை பெயரைச் சொல்கிறேன், சம்பந்திகள் பெயரைச் சொல்கிறேன். நேற்று மாப்பிள்ளையின் அக்காள் பெயர் வரவில்லை. அது முதலிலிருந்தே எனக்கு வராத பெயரா, இப்போது மறந்ததா என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

இங்கே உள்ளூர் டாக்டரிடம் போனேன். அதுவும் இந்திராணி மறுபடி வீட்டுக்கு வந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதால்தான். சென்னையில் மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் பார்த்தால் நல்லது, சில பேருக்கு சத்துக்குறைவால்கூட இப்படி வரும், பயப்படாமல் போங்கள் என்றார். மின்சார ரயிலில் உட்கார்ந்தால் கொண்டுபோய் விடப்போகிறது. அந்தத் தடத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனும் எனக்கு வரிசையாகத் தெரியும், தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு முறை சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டு, பிளாட்பாரத்தில் நின்று ரயிலைப் போக விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எத்தனையோ பேரை இறங்க வேண்டிய இடம் பார்த்து இறக்கிவிட்டவன், எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுவேனோ என்று பயப்படுகிறேன். டாக்டர் என்ன சொல்வார் என்பதும் பயம்தான். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் மறதி என்று கேலி பேசித் தப்பிக்க முடியாதே.

இப்போது நான் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நீ நல்லபடியாகப் போய் நன்றாக வாழ், அப்பாவுக்கு இந்திராணி இருக்கிறாள், அக்கம்பக்கம் இருக்கிறது என்று எழுத வேண்டும். கிழித்ததில் எல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் இல்லை, வேறு யாரோ ஒரு நல்ல அப்பா. நீ பயணத்தை நிறுத்திவிடுவாயோ என்று பயப்படுகிறேன். உன் வேலை, மாப்பிள்ளையின் வேலை, நீங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு எல்லாம் எனக்குத் தெரியும். நீ நிறுத்தாமல் போய்விடுவாயோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் நான் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். கொஞ்ச நாள் தள்ளிப் போடு. மாப்பிள்ளை முதலில் போகட்டும், நீ பின்னால் போகலாம். என்னோடு அந்த டாக்டரிடம் வா. அவர் சொல்வதை நீ கேட்டுக்கொள், எனக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல். மாப்பிள்ளையிடம் மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம், நீயே சொல்லிவிடு, இந்தப் பாதியையும் படித்துக் காட்டு. அவருக்குத் தெரியாமல் நீ அழுதுகொண்டிருந்தால் அது இன்னும் கொடுமை.

இதை இந்திராணியிடம் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன், நானே வைத்திருந்தால் எங்காவது வைத்துவிடுவேன். உனக்குக் கிடைத்ததும் பதறிப்போய் ஃபோன் செய்வாய். நான் எடுத்துப் பேசுவேன். எனக்கு ஒன்றுமில்லை, ஏதோ வேகத்தில் எழுதிவிட்டேன், நீ நிம்மதியாகக் கிளம்பு என்பேன், குரலும் தெளிவாகத்தான் இருக்கும். நம்பாதே. "இன்னா லெட்டரு பாப்பா, நான் ஒண்ணும் எழுதலியே" என்று கேட்டாலும், கேட்டுவிட்டுச் சிரித்தாலும், பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. ஃபோனை வைத்துவிட்டு வா.

உன் நைனா